வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் இவர்

என் வீட்டுக்காரருக்கு வேலை பல்செட் செய்வது. பல் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்புகிற வாய் அச்சை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மேல் வரிசை கீழ் வரிசை என்று பல் அடுக்குகிறவர். முப்பத்தொரு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லை வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். இவர் சிரிப்பதைத்தான் காணோம்.

மனிதர் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் எங்கள் பீரோவை நகர்த்திக் காட்டுவேன். பீரோவுக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடித்தவர் இவர். "அதை யாருங்க பார்க்கப் போறாங்க?" என்று கேட்டேன். "சுவர் அங்க இருக்குல்ல?" என்றார். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சட்டைக்குப் பட்டன் தைத்தால் உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரியே இருக்க வேண்டும். வாயைப் பிளந்தாலும் தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு, முன்பல்லுக்குக் கொடுக்கிற அதே நேரத்தைக் கொடுப்பார். டாக்டர் அவசரப்படுத்தினால் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார். வீட்டிலும் அந்தக் காது அப்படித்தான்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கப்பல் கிடைத்தால் குடும்பம் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், மகள் கல்யாணமாகிப் போய் அவள் அறை காலியான மறு வாரம், ஒரு பழைய பாய்மரக் கப்பலின் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். பெரிதாக்கிப் பதினொரு தாளில் எடுத்துத் தரச் சொன்னார். வீட்டுக்காரர் ஆயிற்றே என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

கடைகளில் இதைப் பெட்டியாகவே விற்கிறார்கள். எல்லாப் பாகமும் வெட்டித் தயாராக இருக்கும், ஒட்டினால் கப்பல். அது வேண்டாமாம். "அது கப்பல் கட்டுறது இல்ல, பார்சல் பிரிக்கிறது" என்றார். ஒவ்வொரு குச்சியையும் தானே அறுத்துச் செய்ய வேண்டுமாம். அதற்கு மரம்? எங்கள் அம்மா எனக்குக் கொடுத்த மர அலமாரியின் ஐந்து தட்டுகள். நன்றாகக் காய்ந்த பழைய மரம், இனிமேல் சுருங்காது என்று வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்துச் சொன்னார். இப்போது அந்த அலமாரிக்குக் கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, தட்டு மட்டும் இல்லை. திறந்தால் துணியெல்லாம் காலில் வந்து விழும்.

இந்தக் கூத்துக்கு ஜோடி சேர்ந்தவன் வேறு யாருமில்லை, என் சொந்த அண்ணன். என்னைவிட நாலு வயது மூத்தவன். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். அண்ணி தவறிப்போன பிறகு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறான். பிள்ளை இல்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது, என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். போன வருடம் கடையை மூடிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் போன்லதான் மணி பார்க்குறாங்க" என்றான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மச்சானும் மாப்பிள்ளையும் சாயங்காலமானால் மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளேயிருந்து ட்ரில் சத்தமும் ஒருவரை ஒருவர் கிண்டலடிக்கிற சத்தமும் வரும். "யோவ் மாப்பிள்ளை, இது கப்பலா, உன் வாடிக்கையாளர் தாடையா?" என்பான் அண்ணன். இவர் பதில் சொல்ல மாட்டார். ஆனால் அண்ணன் வராத நாளில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கப்பலில் பலகை அடிக்கிற கட்டம் வந்தது. அங்கேதான் வினை.

பலகையைப் பசை போட்டு ஒட்டினாலே நிற்கும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் நிஜக் கப்பலில் பலகையை மர ஆணியால் அறைந்தார்களாம். அதனால் இதிலும் மர ஆணி. மர ஆணி என்றால் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மூங்கிலை நாராகக் கிழிக்க வேண்டும். நகை செய்கிறவர்கள் கம்பி இழுக்கிற எஃகுத் தகடு ஒன்று வைத்திருக்கிறார். அதில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக ஓட்டைகள். நாரைப் பெரிய ஓட்டையில் விட்டு மறுபக்கம் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு அடுத்த ஓட்டை. பிறகு அதற்கும் அடுத்தது. ஏழாவது ஓட்டையைத் தாண்டினால் தையல் ஊசித் தடிமனில் ஒரு குச்சி கிடைக்கும், நடுவில் ஒடியாமல் இருந்தால். ஒடியும். பலகையை வளைத்துக் கப்பலின் விலாச் சட்டத்தின் மேல் வைத்து, பலகையும் சட்டமும் சேர்ந்து துளைபடும்படி முடி போன்ற ட்ரில்லால் துளை போட்டு, குச்சியின் நுனியில் பசை தொட்டுத் துளையில் நிறுத்தி, சின்னச் சுத்தியலால் தட்டி, மிச்சத்தை நகவெட்டியால் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், கடைசியில் மிஞ்சுவது அரைக் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குத்தான் இவ்வளவும்.

விலாச் சட்டம் ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் பலகைக்கு இரண்டு ஆணி. ஒரு பக்கத்துக்கு இருபத்துநாலு வரிசைப் பலகை. பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பெருக்கிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் இவரோடு பேசவில்லை.

வலது பக்கம் அண்ணனுக்கு, இடது பக்கம் இவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் பலகையை அழுத்திப் பிடிப்பார், ஒருவர் துளை போட்டு அறைவார். இதில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பலகை ஏறக் கூடாது. ஏறினால் அந்தப் பக்கம் இழுத்து, கப்பல் வாழைப்பழம் மாதிரி கோணிக்கொள்ளும். அதனால் வலது பக்கம் ஒரு வரிசை, பிறகு இடது பக்கம் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். இந்த விதி என் உயிரை வாங்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பதினைந்தாவது வரிசையில் சண்டை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அறுபது புள்ளிகள் ஆணியே இல்லை. பலகையை வெறும் பசையால் ஒட்டி, ஊசியால் குத்தி, குழியில் பழுப்புச் சாயம் வைத்துத் துடைத்து, ஆணி மாதிரி காட்டியிருந்தான் அண்ணன். மூக்கை வைத்து உரசிப் பார்த்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அறுபது புள்ளியையும் துளைத்தெடுத்து, அறுபது நிஜ ஆணியை அறைந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். கடிகார வேலைக்கு வைத்திருந்த குட்டிப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தவன் நிமிரவே இல்லை.

"என் பக்கத்துல யாரு கை வச்சது?" என்றான்.

"ஆணி இல்லாத இடத்துல ஆணி வச்சிருக்கேன்" என்றார் இவர்.

"வெளிய தெரியாத ஆணிக்கு என்னய்யா உண்மை, என்ன பொய்?"

"பகல் முழுக்க நான் பொய்ப் பல்லு செய்யுறவன் மச்சான். வீட்ல ஒண்ணாவது நிஜமா இருக்கட்டும்னு நினைச்சேன். உங்களுக்கு முடியலன்னா விட்டுடுங்க, நானே அடிச்சுக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. கோபம் என்றுதான் நான் நினைத்தேன். "வலது பக்கம் என்னோடது. செத்தாலும் நான்தான் முடிப்பேன். ஆனா உன்கூட இனிமே பேச்சு கிடையாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

சொன்னபடி பேச்சை நிறுத்தினான். ஆனால் கப்பலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இவர் பக்கமும் நின்றுபோகும், கப்பல் கோணிவிடும். கோணட்டும், பாழாய்ப் போகட்டும் என்று நான் சொன்னதற்கு இரண்டு பேரும் தனித்தனியாக என்னை முறைத்தார்கள். அதில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள்! ஏற்பாடு இப்படி ஆயிற்று. நான் மூன்றரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வருவேன். நாலு மணிக்கு அண்ணன் வருவான், தன் வரிசையில் வேலை செய்வான், ஆறு மணிக்குக் கப்பலைத் திருப்பித் தன் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போவான். ஆறரைக்கு இவர் வருவார், இவர் பக்கம். முடித்ததும் இவரும் தன் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவார். பலகையை அழுத்திப் பிடிக்க ஆள்? வேறு யார், நான்தான். நாலு மணிக்கு அண்ணனுக்குப் பிடித்துக்கொண்டு நிற்பேன், ஏழு மணிக்கு இவருக்குப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இடையில் அடுப்படி. என் கட்டை விரல் இரண்டும் பலகை அழுத்தி அழுத்தித் தட்டையாகிவிட்டன.

அது போதாதென்று தபால் வேலை வேறு.

"உன் அண்ணன்கிட்ட சொல்லு, மூக்குப் பக்கம் மூணாவது விலாவுல பலகை அரை நூல் தூக்கியிருக்கு."

"உன் புருஷன்கிட்ட சொல்லு, தூக்கியிருக்கிறது அவர் கண்ணு."

"உன் அண்ணன்கிட்ட சொல்லு, கண்ணு எனக்கு நல்லாத்தான் இருக்கு."

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எனக்கு வாயே இல்லைன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிக்கிறேன்" என்று கத்திவிட்டேன். இவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு, "பலகையைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடி" என்றார்.

பதினெட்டாவது வரிசை. அன்றைக்கு மழை பெய்து ஓய்ந்திருந்தது, அறையில் ஈர மர வாசனை. பலகையை வளைப்பதற்கு என் இஸ்திரிப் பெட்டியைத்தான் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வெந்நீரில் ஊறிய பலகையை அதன் சூட்டில் வைத்து அழுத்தினால் மெதுவாக வளைந்து கொடுக்கும். ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனை அண்ணன் கையில். ஏதோ தீய்கிற வாடை வந்தது. மரம் என்று நினைத்தேன். மரம் இல்லை.

"அண்ணே, கையை எடு!"

"எந்தக் கை?" என்றான்.

வலது கையின் இரண்டு விரலும் இஸ்திரிப் பெட்டியின் தகட்டில் பதிந்திருந்தன. நான் பிடித்து இழுத்தேன். விரல் நுனி வெளுத்துக் கொப்பளித்துவிட்டது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்தான். 

குழாயடியில் அவன் கையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றபோது எல்லாம் வெளியே வந்தது. சுகர். ஒன்றரை வருடமாகவே விரல் நுனியில் உணர்ச்சி இல்லை.

"டாக்டர்கிட்ட போனியா இல்லையா?"

"போனேன், மாத்திரை சாப்பிடுறேன். இதுக்கு மேல போகாம பார்த்துக்கலாம்னாரு. போனது வராதாம்." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு அவனே சொன்னான். "ஆணி விரலுக்கு நடுவுல இருக்கா இல்லையான்னே தெரியல பாப்பா. கண்ணால பார்த்தாத்தான் தெரியுது. பார்க்கலாம்னா பிடிச்ச விரலே மறைக்குது. ட்ரில்லு பரவாயில்ல, முஷ்டியில பிடிச்சிக்கலாம். இந்த ஆணிதான்... அந்தப் பதினஞ்சாவது வரிசைக்கு ஒன்பது நாள் உட்கார்ந்தேன். முடியல. அதான் புள்ளி வச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு வரிசையும் பதினஞ்சு பதினஞ்சு நாள் இழுத்துச்சு."

"அப்போ கடையை மூடினது?"

"கடிகார ஸ்க்ரூவு இந்த ஆணியை விடச் சின்னது" என்றான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கூடப் பிறந்தவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், தினமும் டீ போட்டுக் கொடுக்கிறேன், என்னிடம் சொல்லவில்லை. போனில் மணி பார்க்கிறார்களாம்! திட்டித் தீர்த்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு ஒன்றே ஒன்று சொன்னான்: "மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பாவம் பார்ப்பாரு. பாவம் பார்த்து என் பக்கத்தையும் அவரே அடிச்சுக் கொடுப்பாரு. அப்புறம் எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை? அன்னைக்கோட நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் பாப்பா. இந்த வலது பக்கம் ஒண்ணுதான் இன்னும் என் கையில இருக்கு."

வெறும் பேச்சுக்குச் சொல்கிறவன் இல்லை அவன். கோபித்துக்கொண்டு ஒரு சித்தப்பா வீட்டுக்குப் பதினெட்டு வருடம் போகாமல் இருந்தவன். எனக்கு உலகத்தில் கூடப் பிறந்தது என்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு என்ன செய்தேன்? அந்தப் பதினெட்டாவது வரிசையிலிருந்தே அண்ணன் பக்கத்து ஆணிகளை நான் அறைய ஆரம்பித்தேன். அவன் இடம் குறிப்பான், துளை போடுவான். கண் அவனுக்கு இன்னும் கழுகுக் கண்தான், துளை ஒரு மயிரிழை விலகாது. பலகையை முழங்கையால் அழுத்திக்கொள்வான். நான் ஒவ்வொரு ஆணியாக எடுத்துப் பசை தொட்டு, நிறுத்தி, தட்டி, வெட்டுவேன். முதல் நாள் பதினாலு ஆணியை ஒடித்தேன். "உன் புருஷன் பரவாயில்ல" என்றான் அண்ணன். அவனை அறையலாமா ஆணியை அறையலாமா என்று இருந்தது. இரண்டாவது வாரம் கை பழகிவிட்டது. யாரும் கேட்டுக்கொள்ளாமல், யாருக்கும் தெரியாமல், ஐம்பத்தாறு வயதில் நான் கப்பல் ஆசாரி ஆனேன்.

நாலு வரிசை இப்படிப் போயிற்று. இருபத்தொன்றாவது வரிசை முடிந்த மறுநாள் காலை, நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இவர் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார். அண்ணன் பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாலு வரிசை யாரு அடிச்சது?"

"அண்ணன்தான். வேற யாரு?"

"உன் அண்ணன் பசையைத் தாராளமா வைக்கிற ஆளு. அவரு ஆணியைச் சுத்திக் கறை இருக்கும், உப்புத்தாள் போட்டாலும் போகாது. முதல் பதினேழு வரிசையிலயும் இருக்கு. இதுல ஒரு கறை இல்ல. பசையைச் சிக்கனமா வச்சுத் துடைச்சிருக்கு. யாரு?"

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு முப்பது வருடத்தில் என் புதுப் புடவை ஒன்றையாவது பார்த்திருக்கிறாரா?

"நான்தான்" என்றேன்.

"அப்போ அவரு வேலை செய்யல. உன்னை விட்டு அடிக்க வச்சுட்டு, தன் பக்கம்னு சொல்லிக்கிறாரு. நீயும் ஒரு மாசமா என்கிட்ட பொய் சொல்லிக்கிட்டு..."

அவ்வளவுதான். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு, மூன்று மாதம் தபால்காரியாக அலைந்தது, தட்டையான கட்டை விரல், எல்லாம் சேர்ந்து வெடித்துவிட்டது. "அவன் விரல்ல உணர்ச்சி இல்லைங்க! சூட்டுல வச்சா கூடத் தெரியல. கை வெந்துக்கிட்டு இருக்கு, எந்தக் கைன்னு என்னைக் கேக்குறான். அவன் கடையை மூடினதே அதுக்குத்தான். அன்னைக்கு அவனைப் பார்த்து என்ன சொன்னீங்க? முடியலன்னா விட்டுடுங்கன்னு சொன்னீங்க. அறுபது புள்ளியைக் கண்டுபிடிச்சீங்களே, ஏன் வச்சான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? பீரோவுக்குப் பின்னாடி இருக்கிற சுவரு தெரியுது, எதிர்ல நிக்கிற மனுஷன் தெரியல உங்களுக்கு!"

இவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளா?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாரோ, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாரோ, எனக்குத் தெரியாது, நான் அழுதுகொண்டிருந்தேன்.

"போய் மன்னிப்புக் கேளுங்க" என்றேன்.

"கேட்டா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சுடும். அவரு கப்பலை விட்டு இறங்கிப் போயிடுவாரு."

"அப்போ என்னதான் பண்ணுவீங்க?"

பதில் இல்லை. வழக்கமான காது. சட்டையை மாட்டிக்கொண்டு பல்செட் செய்யப் போய்விட்டார். இப்படி ஒரு ஜென்மத்தைக் கட்டிக்கொண்டேனே என்று கடையில் அன்றைக்கு ஒருவருடைய பத்திரத்தைத் தலைகீழாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க ஏற்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. நாலு மணிக்கு அண்ணன், ஆறரைக்கு இவர். இருபத்திரண்டாவது வரிசையில் அண்ணன் பக்கம் முடிந்தது. இவர் பக்கத்துக்குப் பலகை தயாராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் பலகை பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தேன். பலகையைப் பசை போட்டு ஒட்டிக் கவ்விகளை மாட்டியிருந்தார். காய்ந்ததும் கவ்விகளை எடுத்தார். ஆணிப் பெட்டியைத் தொடவில்லை. என் தையல் ஊசி ஒன்று கையில் இருந்தது. பக்கத்தில் ஒரு மூடியில் பழுப்புச் சாயம்.

ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். நிறுத்தினார். எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். இன்னொரு குத்து. சாயத்தை விரலால் தேய்த்துத் துணியால் துடைத்தார். எச்சிலைத் துப்ப முடியாமல் விழுங்குகிறவர் மாதிரி முகம். இந்த மனிதர் வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு வேலை அதுதான், அதைக்கூட வரிசை பிசகாமல் செய்தார். முப்பத்தெட்டுப் புள்ளி வைத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஊசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"உன் அண்ணன் வர்றப்போ இந்தப் பக்கம் வெளிய இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதரால் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க முடியாது. அதனால் திட்டு வாங்குவதற்கு ஒரு தப்பைச் செய்து வைத்திருக்கிறார்.

நாலு மணிக்கு அண்ணன் வந்தான். இவர் படுக்கையறையில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரு கப்பலைத் திருப்பி வச்சது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் அதை நகர்த்தப் போனான். கை நின்றது. கடிகாரக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினான். மூக்குப் பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டே போனான். 

"யோவ் மாப்பிள்ளை!"

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"வெளிய வாய்யா! என்னய்யா இது? முப்பத்தெட்டு! முப்பத்தெட்டும் பொய்!"

இவர் வந்து கதவோரம் நின்றார். "நேரம் இல்ல மச்சான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வெளிய தெரியாதுன்னு நினைச்சேன்."

"தெரியாதா? எனக்குத் தெரியாதா? இருபது வருஷம் கடிகாரத்துக்குள்ள குடித்தனம் பண்ணினவன்யா நான்! என் பக்கத்துல அறுபதைத் தோண்டி எடுத்தியே, அன்னைக்கு எங்க போச்சு உன் நேரம்? பெரிய அரிச்சந்திரன் மாதிரி பேசினியே!" திட்டினான், திட்டினான், அப்படித் திட்டினான். முகத்தில் ஒரே வெளிச்சம். இவர் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கைகட்டி நின்று, ஒவ்வொரு திட்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கல்யாணமான நாளிலிருந்து ஆசைப்பட்ட திட்டையெல்லாம் அண்ணன் எனக்காகத் திட்டிவிட்டான்.

பிறகு ட்ரில்லை முஷ்டியில் பிடித்து உட்கார்ந்தான். முப்பத்தெட்டுப் பொய்யையும் அவனே துளைத்தெடுத்தான். இவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். துளைகள் முடிந்ததும் அண்ணன் ஆணிப் பெட்டியைப் பார்த்தான். ஒரு கணம்தான். பெட்டியை இவர் பக்கம் தள்ளினான்.

"தப்புப் பண்ணினவன் நீ. நீயே அடி."

இவர் ஒவ்வொன்றாக அறைந்தார். நடுவில், "வலது பக்கமும் இப்படியே வச்சுக்கலாம் மச்சான். உங்க கண்ணு எனக்கு இல்ல. நீங்க துளை போடுங்க, நான் அடிக்கிறேன். தனித்தனியாப் பண்ணினா கப்பல் என்னைக்கு முடியும்?" என்றார். அண்ணன் "ம்" என்றான். நான் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தேன். யாரும் குடிக்கவில்லை.

ஆறு மணிக்கு அண்ணன் கிளம்பினான். வாசல் வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"நீ சொல்லிட்ட, இல்ல?"

நான் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆளு ஜென்மத்துல ஒரு பொய் ஆணி வைப்பாரா பாப்பா? சாயம் கூட இன்னும் சரியாக் காயல. அவரு நகத்துக்குள்ள பழுப்பா ஒட்டியிருக்கு."

வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் இவன். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கொப்பளம் ஆறித் தோல் உரிந்திருந்த விரல். நான் பிடித்திருப்பது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ, குனிந்து பார்த்தான்.

"நாளையிலேர்ந்து நாலு மணிக்கு வரல" என்றான். "ஆறரைக்கு வரேன். அவரு வந்தப்புறம்."